ஜாடியில் எல்லாருக்கும் ஒரே முகம்

ஜூன் 3

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஒரே பக்கத்தில் இரண்டு இடத்தில் மழையை ‘மளை’ என்று எழுதியிருக்கிறாய். பேச்சில்தான் உனக்கு ழகரம் வராது, பேனாவிலுமா? பழைய கிரேக்க எழுத்தைப் படிப்பதற்கு ஒரு அருங்காட்சியகம் உனக்குச் சம்பளம் தருகிறது என்று வெளியே சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

நீ அனுப்பிய ஜாடிப் படங்களைப் பார்த்தேன். எல்லாருக்கும் ஒரே மூக்கு, ஒரே கண். இவர் இன்ன சாமி என்று எப்படிக் கண்டுபிடிக்கிறாய்? சும்மா கேட்கவில்லை. விளக்கமாக எழுது.

கண்ணில் ஒன்றுமில்லையாம். மூளையைப் படம் எடுக்கவேண்டும் என்கிறார் டாக்டர். உன் அண்ணன் பெரிதாக்கி எழுதுவான், நம்பாதே.

அம்மா

ஜூன் 19

அன்புள்ள அம்மாவுக்கு,

முகத்தைப் பார்க்கவே கூடாதும்மா. கையில் என்ன, மேலே என்ன என்றுதான் பார்க்கவேண்டும். சிங்கத்தோல் போர்த்தியிருந்தால் ஹெராக்ளீஸ். காலணியில் சிறகு இருந்தால் ஹெர்மீஸ். மூன்று முனை வேல் என்றால் கடல் தெய்வம் பொசைடன். சில ஓவியர்கள் புண்ணியவான்கள், பக்கத்திலேயே பெயரை எழுதிவிடுவார்கள். எதுவுமே இல்லாமல் நிற்பவளை ‘ஒரு பெண்’ என்று எழுதிவிட்டு அடுத்த ஜாடிக்குப் போய்விடுவோம்.

அண்ணன் எழுதியிருந்தான். அவனைப் பார்த்து, “யாருப்பா, எலக்ட்ரீஷியனா?” என்று கேட்டீர்களாமே. கேலிதானே அம்மா?

செப்டம்பருக்கு முன் லீவு தரமாட்டேன் என்கிறார்கள். கெஞ்சியும் பார்த்துவிட்டேன். இங்கே விடாமல் மளை.

உங்கள் மகள்

ஜூலை 8

அன்புள்ள மகளுக்கு,

அவன் அன்று கையில் டெஸ்டரோடு வந்தான். வேறு என்ன கேட்பதாம்?

உன் முறையைப் பழகிக்கொண்டேன். கைத்தடி என்றால் மாடிவீட்டுக்காரர். இடுப்பில் சாவிக்கொத்து என்றால் உன் அண்ணி. கொஞ்ச நாள் யாரும் கண்டுபிடிக்கவில்லை. எனக்கே பெருமையாக இருந்தது.

போன வாரம் நீ விட்டுப்போன பச்சைச் சால்வை என் கட்டிலருகே வந்து உட்கார்ந்தது. சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டாய் என்று நினைத்தேன். கையைப் பிடித்துக்கொண்டு, இத்தனை வருஷம் வீறாப்பில் உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்ததையெல்லாம் சொன்னேன். அவள் வாயே திறக்காமல் அழுதாள். கடைசியில், “அத்தை, நான்தான். குளிருதுன்னு அவ சால்வையை எடுத்துப் போட்டுக்கிட்டேன்” என்றாள். சாவிக்கொத்தை அலமாரியிலேயே விட்டிருக்கிறாள்.

நான் சொன்னது என்னவென்று அவளிடமே கேட்டுக்கொள். இன்னொரு தடவை சொல்ல எனக்கு வராது.

செப்டம்பரில் சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்து நிற்காதே. அதை யார் வேண்டுமானாலும் போர்த்தலாம். பெயரையும் சொல்லாதே; பெற்றவளிடம் மகள் பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளும் அவமானத்தை நான் தாங்கமாட்டேன். ‘ஒரு பெண்’ என்று உன்னை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகவும் என்னால் ஆகாது.

படியேறும்போதே, வெயில் கொளுத்தினாலும் பரவாயில்லை, “வெளியே நல்ல மளைம்மா” என்று சொல்லிக்கொண்டே வா.

திருத்தமாட்டேன்.

அம்மா