காலி என்று சொன்னதில் எட்டு கிராம்

அன்புக் குட்டிம்மாவுக்கு அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். நீயும் சுகம் என்றுதான் போனில் சொன்னாய், ஆனால் சொல்வதற்கு முன் ஒரு நொடி யோசித்தாய், அந்த ஒரு நொடிதான் எனக்கு இடிக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, டியூஷனைக் குறைக்கச் சொன்னால் கேட்கிறாளா, இப்போது பன்னிரண்டு பிள்ளைகள், வாரம் ஒரு கேள்வித்தாள்.

அந்தக் கேள்வித்தாளால்தான் வம்பு. உன் கம்பெனி பிரிண்டரைச் சலுகை விலையில் வாங்கி அனுப்பினாயே, அது போன மாதம் ஏழாவது தாளில் நின்றுவிட்டது. மை தீர்ந்துவிட்டது, புதிய கார்ட்ரிட்ஜ் போடுங்கள் என்கிறது. ஆறாவது தாள் வரை எழுத்து கன்னங்கரேலென்று இருந்தது, ஏழாவதில் எப்படித் தீரும்? சரியென்று புதிதாக இரண்டு வாங்கி ஒன்றை மாட்டிவிட்டு, பழையதை ஸ்டேஷனரி கடையில் உங்கள் கம்பெனி வைத்திருக்கும் மறுசுழற்சிப் பெட்டியில் போடப் போனேன். போட ஓட்டை இருக்கிறது, எடுக்க முடியாதபடி பூட்டு. காலிக்கு எதற்கு இவ்வளவு பத்திரம்? போடாமல் திரும்பிவிட்டேன். முப்பத்தோரு வருடம் எடையளவு ஆய்வாளராகக் கடை கடையாகத் தராசைச் சோதித்தவன் கை சும்மா இருக்குமா, வீட்டில் மாட்டாமல் இருந்த புதியதையும் எடுத்துக்கொண்டு நகைக்கடைக்குப் போய் நிறுக்கச் சொன்னேன். அவர் சிரித்தார், ஆனால் நிறுத்தார். மாட்டாத புதியது ஐம்பத்தெட்டு கிராம், பிரிண்டர் காலி என்றது நாற்பத்தொன்று. ரீஃபில் கடையில் கழுவிக் காயவைத்த வெறும் கூட்டை வாங்கி நிறுத்தால் முப்பத்து மூன்று. ஆக இருபத்தைந்து கிராம் மையில் எட்டு உள்ளேயே இருக்கிறது. பஞ்சில் கொஞ்சம் தங்கும்பா என்பாய், தங்கட்டும், மூன்றில் ஒரு பங்கா தங்கும்? "சார், நீங்க காலின்னு கொண்டு வர்றதுலயே எனக்குப் பாதி வேலை முடிஞ்சிடுது" என்கிறார் ரீஃபில்காரர், அவர் கணக்கு கொஞ்சம் தாராளம். அவர் நிரப்பித் தந்ததை மாட்டினால் இது அசல் இல்லை என்று பிரிண்டர் முரண்டு பிடிக்கிறது. விலை கொடுத்து வாங்கியவன் நான், எந்த மை ஊற்றுவது என்று முடிவு செய்வது அதுவா?

நுகர்வோர் மன்றத்துக்கு மனு எழுதிவிட்டேன். எழுதி முடித்த பிறகுதான் நீ வேலைக்குச் சேர்ந்த புதிதில் சொன்னது ஞாபகம் வந்தது, "பிரிண்டர் எப்ப என்ன சொல்லணும்னு எழுதுறதுதான்பா என் வேலை." அன்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன். காலி என்று சொல்ல வைத்தது நீயா, குட்டி? கேட்கவே பயமாக இருக்கிறது. "பெத்த பொண்ணு மேலயே சந்தேகமா" என்று அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை, ஆனால் மேசையில் கிடந்த மனுவை எடுத்து எழுத்துப்பிழை மட்டும் திருத்தி வைத்திருக்கிறாள்.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு வெளியே போகாதே. நன்றாக இரு, நிமிர்ந்து இரு. பதிலைப் போனில் சொல்லாதே, எழுது. உன் கை அதில் இருந்தாலும் மாதக் கடைசியில் மனுவை அனுப்பத்தான் போகிறேன். உன் மாமா கடைக்குச் சோதனைக்குப் போனபோதுகூட நான் முன்கூட்டித் தகவல் சொன்னதில்லை. இதுதான் முதல் தடவை.

இப்படிக்கு,
உன் அப்பா