பதினாறு ஜிபி

பிப்ரவரி 10, செவ்வாய்

லேப்டாப் மறுபடி உறைந்துவிட்டது. இன்று மட்டும் நாலாவது தடவை. இருப்பது 16 ஜிபி ரேம்: போர்டிலேயே ஒட்டியது 8, கழற்றி மாட்டக்கூடியது 8. எடிட்டர், பிரவுசர், அதற்கு மேல் இரண்டு விர்ச்சுவல் மெஷின். யானைப் பசிக்குச் சோளப்பொரி.

மேனேஜருக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். "ஒரு கம்ப்யூட்டருக்குள்ள இன்னும் ரெண்டு கம்ப்யூட்டர் ஓடுது சார். மூணுக்கும் இருக்கிற ரேமைத்தான் பங்கு போடணும்."

"அப்ப ஒண்ண நிறுத்திட்டு ஓட்டுப்பா."

இவருக்கு எவன் பதவி கொடுத்தான்?

கணக்குப் போட்டேன். 24 இருந்தால் வேலை ஓடும், 32 இருந்தால் நிம்மதி. ஆபீஸில் கேட்டு வாங்க ஆறு வாரமாம். அதுவரை யார் காத்திருப்பது?

பிப்ரவரி 15, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போனேன். அவளுக்கு மூன்றாம் சுற்று மருந்து ஏற்றி ஒரு வாரம் ஆகிறது. தலையில் துண்டு, மடியில் லேப்டாப். சிகிச்சை தொடங்கியதும் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலையை விட்டுவிட்டாள். அவளுடையதில் 8, மேலே ஒரு 16. மொத்தம் 24.

"நீ இப்ப வேலைக்குப் போகலையேக்கா. 16 சும்மாதானே கிடக்கு, நான் எடுத்துக்கவா?"

"கிட்னியக் கேக்காம விட்டியே, எடுத்துக்கோ."

ஸ்க்ரூடிரைவரைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். "இருடா, பாதியில ஒண்ணு நிக்குது" என்று எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். சீக்கிரம் சீக்கிரம் என்றேன். பத்து நிமிஷத்தில் கழற்றிவிட்டேன். அத்தான் காபி போடுவதற்குள் கிளம்பியாயிற்று.

இரவு ஏழரைக்குப் போன் பண்ணினாள். "ஓடுதாடா?"

"பறக்குதுக்கா! ரெண்டு மெஷினும் வெண்ணெய் மாதிரி போகுது. தெய்வம் நீ!"

"சரி சரி."

"வேற என்ன?"

"ஒண்ணுமில்ல" என்று வைத்துவிட்டாள்.

என் பழைய 8 மேசை டிராயரில் கிடக்கிறது.

மார்ச் 8, ஞாயிறு

ஒரு தடவைகூட உறையவில்லை. அக்காவைப் பார்த்தேன், ஜன்னலையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். சும்மா படுத்திருந்தால் மனசு கெடும், ஏதாவது படி என்று திட்டினேன். "ஆகட்டும் வாத்தியாரே" என்றாள்.

மார்ச் 29

ஆஸ்பத்திரி. மூச்சு சரியில்லை.

ஏப்ரல் 4

அக்கா இல்லை.

ஏப்ரல் 20, திங்கள்

அம்மா இரண்டு பேருக்கே போதாத சோற்றை நாலு பேருக்குப் பங்கு போடுவது போலக் கொஞ்சம் கொஞ்சமாகப் பரிமாறுகிறாள். நான் ஆபீஸ் போகிறேன். லேப்டாப் ஓடுகிறது. எல்லாம் ஓடுகிறது.

மே 17, ஞாயிறு

அத்தான் கூப்பிட்டார். "அவ லேப்டாப்ப நீயே பாரு மாப்ள. என்னால தொடவே முடியல. போட்டோ ஏதாவது இருந்தா மட்டும் எடுத்துக் குடு."

போட்டோக்களை எடுத்துக் கொடுத்தேன். பிறகுதான் அதைப் பார்த்தேன். ஒரு விர்ச்சுவல் மெஷின், உறங்கும் நிலையில். மூடாமல், விட்ட இடத்தில் அப்படியே நிறுத்திவைத்தது. பிப்ரவரி 15, மாலை 6:12. "பாதியில ஒண்ணு நிக்குது" என்றாளே, அது.

எழுப்பப் பார்த்தேன். போதிய ரேம் இல்லை என்றது. 12 ஜிபி கொடுத்து உறங்கவைத்திருக்கிறாள், எழும்போதும் அதே 12 வேண்டும். நான் விட்டுவைத்தது 8.

12-ஐ 6 ஆக மாற்றப் போனேன். சேமித்த நிலை அழிந்துவிடும், சம்மதமா என்று ஒரு பெட்டி வந்தது. இந்த மாதிரிப் பெட்டி எதையும் நான் வாழ்க்கையில் படித்ததில்லை. விரல் 'சரி'யை அழுத்தப் போய்விட்டது. எப்படி நின்றது என்று தெரியவில்லை.

அப்புறம், நடந்ததையெல்லாம் நேரத்தோடு குறித்துவைக்கும் லாக் ஃபைலைத் திறந்தேன். திறந்திருக்கக் கூடாது.

பிப்ரவரி 15, 6:28 — எழுப்ப முயற்சி, தோல்வி. நான் அப்போது தெருமுனைகூடத் தாண்டியிருக்க மாட்டேன். 6:50. 7:15. ஏழரைக்குத்தான் எனக்குப் போன். அதன் பிறகு மார்ச்சில் ஆறு தடவை. படி என்று நான் திட்டிய அன்று சாயங்காலம் இரண்டு. கடைசி, மார்ச் 28.

ஏன் கேக்கலக்கா? ஒரு வார்த்தை. ரேமக் குடுடான்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? சொல்லத்தானே போன் பண்ணின? நான்தான் தெய்வம், வெண்ணெய்னு கத்திட்டு இருந்தேன்.

டிராயர்ல 8 சும்மா கிடந்துச்சு. அதை அவ லேப்டாப்ல செருகியிருந்தாக்கூட 16 ஆயிருக்கும், ஓடியிருக்கும். ஒண்ணும் தெரியாத மேனேஜருக்கெல்லாம் பங்குக் கணக்கு சொன்னேன். அவகிட்ட எவ்வளவு வேணும்னு கேக்கல. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு.

மே 18, திங்கள்

லீவு போட்டேன். என் லேப்டாப்பிலிருந்து 16-ஐக் கழற்றினேன். அவளுக்கு 8 போதும் என்று தெரியும். 16-ஐத்தான் மாட்டினேன்.

எழுந்தது.

முதல் சில வினாடி உள்ளே இருந்த கடிகாரம் 6:12 காட்டியது. பிறகு இன்றைய நேரத்துக்குத் தாவிவிட்டது. திரையில் ஏதோ பயிற்சிப் பாடம், தானாகச் சோதிக்கும் நிரல் எழுதுவது. பதினெட்டில் பதினோராவது. வேலைக்குத் திரும்பப் போவதாக எங்களிடம் சொல்லவே இல்லை. நாற்பத்தி இரண்டாம் வரியில் சிவப்புக் கோடு. மேலே குறிப்பு எழுதியிருந்தாள், சேமிக்காமல்:

"இது ஏன் தப்புன்னு புரியல. தம்பி வந்துட்டு இருக்கான், அவன்கிட்ட கேக்கணும். திட்டுவான், ஆனா சொல்லுவான்."

பதில் ஒரே வரி. இரண்டு நிமிஷ வேலை.

எழுதினேன். சிவப்பு பச்சையானது. அவள் பார்க்காத பச்சை எதற்கு? அழித்தேன். சிவப்போடு அப்படியே உறங்கவைத்தேன்.

ஜூன் 21, ஞாயிறு

என் லேப்டாப்பில் பழைய 8-ஐத்தான் மாட்டியிருக்கிறேன். நேற்றும் இரண்டு தடவை உறைந்தது. உறைந்தால் எழுந்துபோய்த் தண்ணீர் குடிக்கிறேன். மேனேஜரிடம் புது ரேம் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன், ஆறு வாரமாகுமாம்.

அத்தான் வந்திருந்தார். நான் திணறுவதைப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அவளோடதுல ஒரு 16 இருக்குன்னியே மாப்ள. சும்மாதானே கிடக்கு, எடுத்துப் போட்டுக்கோயேன்."

"இல்ல அத்தான்" என்றேன். "அது வேணும். அதுல வேலை பாதியில நிக்குது."