கடைக்கு வைத்த பெயர்

அன்புத் தங்கச்சிக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள். எனக்கும் தீப்பட்ட கைப்புண் ஆறிவிட்டது.

என் வெள்ளவத்தைக் கடையின் குசினி அடுப்பு, பாத்திரங்களோடு எரிந்த செய்தி உனக்கும் வந்திருக்கும். இனி எழும்ப முடியாதென்றே நினைத்தேன். மறுநாள் எதிர்க்கடைத் துஷ்யந்தி வந்தாள். எனக்கும் அவளுக்கும் ஒரே இடியப்ப வியாபாரம்தான்.

“அக்கா, உங்கட ஓடர் ஒண்டையும் விடாதேங்கோ. விடிய என்ட குசினி உங்களுக்கு, பின்னேரம் எனக்கு,” என்றாள்.

கடை திருத்தி முடியும்வரை அப்படியே நடந்தது. என் கையில் கட்டு இருந்தபோது எனக்கும் சேர்த்து அவளே இடியப்பம் பிழிந்தாள். இதற்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை கடையைத் திரும்பத் திறந்தோம். அவளைத்தான் விளக்கேற்றச் சொன்னேன். புதுப் போர்டில் இருந்த பெயரைப் பார்த்தவள், “ஆறாயி ஆரக்கா?” என்று கேட்டாள்.

“எங்க அம்மா. தேயிலைத் தோட்டத்துல இருந்து வந்து, கொட்டாஞ்சேனையில வீடு வீடா சட்டி கழுவி எங்க ரெண்டு பேரையும் வளத்தவங்க.”

வந்திருந்த எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன். துஷ்யந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுடைய அம்மா சந்தையில் மீன் வெட்டிக் கொடுத்தவராம். “என்ட போர்டிலயும் அம்மாட பேரைப் போடப் போறன்,” என்றாள்.

உன் வீட்டில் அம்மாவைப் பற்றி என்ன சொல்லி வைத்திருக்கிறாய் என்று நான் கேட்கவில்லை. பிள்ளைகளோடு ஒருமுறை வா. ஆட்டோக்காரரிடம் அம்மாவின் பெயரைச் சொன்னால் போதும், வாசலிலேயே இறக்கிவிடுவார்.

என்றும் உன்,
அக்கா