பாதியாக்கிப் படிக்காதே

அன்பு மருமகளுக்கு,

உன் மாமா எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம் என்று தொடங்கத்தான் கை போகிறது, இத்தனை வருடப் பழக்கம். ஆனால் இந்தக் கடிதத்தில் அந்த வரி வேண்டாம் என்று பேனாவைத் திறக்கும்போதே முடிவு செய்துவிட்டேன். அதற்காகப் பயந்துவிடாதே. உன் அம்மா மதியம் சாப்பிட்டுவிட்டு உள்ளறையில் தூங்குகிறாள். நான் சமையலறை மேஜையில், பாத்திரங்களை ஒரு பக்கம் தள்ளிவிட்டு எழுதுகிறேன்.

போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். போனை எடுத்தால் "ஸ்பீக்கர்ல போடுடா" என்று அக்கா உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள். அதுவும் போக, போனைக் கையில் பிடித்ததும் என் வாய் தன் இஷ்டத்துக்கு ஓடுகிறது. பேனா அப்படியில்லை. நான் ஏழாவதோடு படிப்பை நிறுத்தியவன், ஒவ்வொரு எழுத்தையும் இழுத்து இழுத்துத்தான் எழுத வேண்டும். பொய்க்கு அவ்வளவு உழைக்க இப்போது உடம்பில் தெம்பில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த மாதக் கடைசிக்கு உன் அம்மா தனியாக வருவதாக நீ டிக்கெட் எடுத்து அனுப்பியிருக்கிறாய். அதை மாற்று. அவளால் தனியாக வர முடியாது. நாற்காலியிலிருந்து எழுந்து நிற்கவே அவளுக்கு ஒரு ஆள் வேண்டும். நான் அனுப்பிய கணக்கெல்லாம் தப்பு.

நீ இப்போது சிரிப்பாய், எனக்குத் தெரியும். மாமாவுக்கு அக்காவை அனுப்ப மனசில்லை, அதனால் புதுசாக ஒன்றை அளக்கிறார் என்பாய். பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே, மாமா எதைச் சொன்னாலும் பாதியாக்கிக்கணும் என்று சட்டம் போட்டவள் ஆயிற்றே நீ. நான் ஒரே நாளில் நாலு பீரோவை மாடி ஏற்றினேன் என்பேன். "அப்போ ரெண்டு" என்பாய். வீடே சிரிக்கும், நானும் சேர்ந்து சிரிப்பேன். உண்மையில் பீரோ ஒன்றுதான். அதையும் மூன்று பேர் பிடித்தோம்.

போகட்டும். முதலிலிருந்து சொல்கிறேன், நீயே பார்.

காய்ச்சலில் ஒரு மாதம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துவிட்டு அக்கா வீடு திரும்பியபோது கால் இரண்டும் துவண்டு போயிருந்தன. தபால் பிரிக்கும் கூடத்தில் முப்பது வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்த கால்கள். நோய் தீர்ந்துவிட்டது, தசைதான் கரைந்திருக்கிறது, வீட்டிலேயே பலம் கூட்டும் பயிற்சி செய்தால் தேறிவிடுவார் என்று டாக்டர் சொன்னார். நீ அன்றைக்கே ஒரு அட்டவணை அனுப்பினாய். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது எட்டு தடவை, சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்குவது எட்டு தடவை, தண்ணீர் பாட்டிலைத் தோளுக்கு மேலே உயர்த்துவது எட்டு தடவை. வாரத்தில் மூன்று நாள். எண்ணிக்கையை எனக்கு அனுப்புங்க மாமா, அதைப் பார்த்துத்தான் அடுத்த பயிற்சியைத் தேர்ந்தெடுக்க முடியும் என்றாய். அட்டவணையில் ஒரு குற்றமும் இல்லை.

முதல் வாரம் அக்கா மூன்று தடவை எழுந்தாள். நான் உனக்கு ஆறு என்று அனுப்பினேன். ஏன் தெரியுமா? நீ எப்படியும் பாதியாக்குவாய், மூன்று என்ற சரியான கணக்கு உன்னிடம் போய்ச் சேர்ந்துவிடும் என்று நினைத்தேன். இதைவிட நேர்மையாக ஒருவன் பொய் சொல்ல முடியுமா, நீயே சொல்.

நீ பாதியாக்கவில்லை. அம்மா உடம்பு விஷயத்தில் மாமா விளையாட மாட்டார் என்று அப்படியே எடுத்துக்கொண்டாய். நாலு மாதமாக நீ என்னை முழுசாக நம்பிக்கொண்டிருந்தாய் என்பது டிக்கெட் வந்த அன்றுதான் எனக்கு உறைத்தது. இந்த வயதில் ஒருவனுக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்து, அது அவனுக்கே தெரியாமல் இருந்திருக்கிறது பார்.

அடுத்து நீ பத்து கேட்டாய். அக்கா அப்போது நாலில் இருந்தாள். நான் பத்து என்றேன். அதற்கடுத்து பன்னிரண்டு, கூடவே காலில் ரப்பர் பட்டையை மாட்டி இழுப்பது. அதற்குப் பிறகு இரண்டு கிலோ சாமானைப் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்து உட்காருவது. ஒவ்வொன்றையும் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன். கடைசி அட்டவணையைப் பார்த்துவிட்டு உன் அம்மா, "இது எனக்காடா, இல்ல போலீஸ் வேலைக்கு ஆள் எடுக்கறாங்களா?" என்று கேட்டாள். நான் சிரித்து மழுப்பினேன். சிரிக்காமல் அங்கேயே அவளிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நான் உன்னிடம் என்ன கணக்குச் சொல்லி வைத்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியாது. மகள் பார்த்துத் தேர்ந்தெடுத்ததாயிற்றே, தன்னால் முடியும் என்று தெரிந்துதானே கேட்கிறாள் என்று நினைத்தாள். மறுநாள் காலையில் அரிசி பாக்கெட் இரண்டைப் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

நான் பின்னால் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. வாசலில் மேல்வீட்டுத் தையல்காரரிடம், ஒரு காலத்தில் பியானோவைத் தனியாகத் தூக்கி மூன்று மாடி ஏற்றிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் அதைப் பத்து தடவை கேட்டவர், பாவம், அன்றும் வாயைப் பிளந்து கேட்டார். உள்ளே சத்தம் கேட்டது. நான் ஓடிப்போய் அக்காவை ஒரே தூக்காகத் தூக்கி...

இல்லை. இது பழைய வாய். நானும் தையல்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். ஒரு தடவை நழுவவிட்டோம். அவள் வலியை அடக்கிக்கொண்டு, "ரெண்டு பேரும் சேர்ந்து என்னை பீரோ மாதிரி தூக்காதீங்க" என்று அதட்டினாள். அதற்குப் பிறகுதான் ஒழுங்காகப் பிடித்தோம்.

எலும்பு முறியவில்லை. படம் எடுத்துப் பார்த்தாயிற்று. இடுப்பில் மட்டும் ஒரு தட்டு அகலத்துக்குக் கருநீலமாகக் கன்றியிருந்தது. ஆனால் மூன்று வாரம் படுத்ததில் சேர்ந்திருந்த கொஞ்சம் பலமும் போயிற்று. அதைவிட, பயம் பிடித்துக்கொண்டது. இப்போது நாற்காலியின் விளிம்புக்கு வந்ததும் முழங்கால் நடுங்குகிறது. உன்னிடம் சொல்லக் கூடாது என்று அவள்தான் சத்தியம் வாங்கினாள், நீ வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவாய் என்று. விழுந்ததை மறைத்தது அவள் சொல்லி. அந்த மூன்று வாரமும் உனக்குப் பன்னிரண்டு, பன்னிரண்டு, பதினாலு என்று அனுப்பியது நானாகத்தான்.

டிக்கெட்டோடு நீ அனுப்பிய செய்தியை அக்காவே வாங்கிப் படித்தாள். 'பையோட பதினாலு தடவை எந்திரிக்கிற அம்மாவுக்கு ஏர்போர்ட்ல வீல் சேர் எதுக்கு, ஜம்முனு நடந்து வா' என்று எழுதியிருந்தாய். அவள் போனைக் கீழே வைத்தாள். சாயங்காலம் காப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, "நான் பதினாலு தடவை எந்திரிச்சேனாடா?" என்று கேட்டாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அதன் பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை, கேள். கையில் ஆறு வாரம் இருக்கிறதே, அதற்குள் நான் எழுதிய கணக்கை நிஜமாக்கிவிட்டால் பொய்யே இல்லை என்று ஆகிவிடுமே என்று ஒரு யோசனை. சீக்கிரம் பலம் வருகிற பயிற்சியாகத் தேட ஆரம்பித்தேன். டிவியில் ஒருவர் முப்பது நாளில் மலையைப் புரட்டலாம் என்றார். அவருடைய கையே என் தொடை கனம் இருந்தது. தையல்காரர், மாடிப்படி ஏறி இறங்குவதைப் போல் ஒன்று கிடையாது என்றார். நான் என் பங்குக்கு, சாமான் ஏற்றி இறக்கும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேஸ்திரி எங்களை மணல் மூட்டையோடு குந்தி எழச் சொன்னதை நினைத்துக்கொண்டேன். மூன்றையும் காகிதத்தில் எழுதி, எது உசத்தி என்று இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் ஆஸ்பத்திரியிலிருந்து பயிற்சி சொல்லித்தருகிற பெண்ணை வீட்டுக்கு வரச் சொன்னேன். உன் வயதுதான் இருக்கும். என் காகிதத்தைப் படித்துவிட்டு, "ஆறு வாரத்துல கட்டி அனுப்ப அவங்க என்ன பார்சலா, சார்?" என்று கேட்டாள். அக்கா சிரித்தாள். மூன்று மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அவள் சிரித்துப் பார்த்தேன்.

அந்தப் பெண் எந்த அட்டவணையையும் எடுக்கவில்லை. முதலில் அக்காவை எழச் சொன்னாள், பார்த்தாள். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டாள், நகராமல் இருக்க. அதன் மேல் கெட்டியான தலையணை ஒன்றை வைத்து உயரம் கூட்டினாள். முன்னால் மேஜையை இழுத்துப் போட்டு, அதைப் பிடித்துக்கொண்டு எழச் சொன்னாள். இரண்டு தடவை, பிறகு ஓய்வு, மறுபடி இரண்டு. உட்கார்ந்தபடியே குதிகாலைத் தூக்குவது, முழங்காலை நீட்டி மூன்று எண்ணும்வரை நிறுத்துவது. அவ்வளவுதான். ஒரு நாள் செய்தால் ஒரு நாள் விட வேண்டும். இரண்டு வாரம் சுலபமாகச் செய்தால் எண்ணிக்கையில் ஒன்று கூட்டலாம், அதன் பிறகுதான் தலையணையை எடுப்பது. இன்னிக்கு என்ன முடியுதோ அதுலேருந்துதான் தேர்ந்தெடுக்கணும், முடியணும்னு நாம நினைக்கிறதுலேருந்து இல்ல என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். அக்கா திரும்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிளம்பும்போது அந்தப் பெண் நான் அக்காவைக் கட்டிலில் ஏற்றுவதைப் பார்த்துவிட்டு, "உங்க முதுகைக் காட்டுங்க" என்றாள். எனக்கென்ன, இரும்பு என்றேன். தட்டிப் பார்த்தாள், எனக்கும் இரண்டு பயிற்சி எழுதிக் கொடுத்தாள். ஒன்று, படுத்துக்கொண்டு இடுப்பைத் தூக்குவது. பத்து தடவை என்று போட்டிருக்கிறாள். நேற்று நான் செய்தது நாலு. இதை வேறு யாரிடமும் சொல்லிவிடாதே. நாலாவதில் இடுப்பை இறக்கிவிட்டுத் தரையிலேயே கொஞ்ச நேரம் கிடந்தேன். எழுந்து என்ன செய்யப் போகிறோம் என்று இருந்தது.

மருமகளே, உன் அம்மாவை இங்கேயே வைத்துக்கொள்ள நான் கதை கட்டுகிறேன் என்று மட்டும் நினைத்துவிடாதே. அவள் உன்னோடு இருந்தால்தான் நல்லது. அவள் போய்விட்டால் இந்த வீட்டில் என் பேச்சைக் கேட்க ஆள் இல்லை என்பது வாஸ்தவம்தான். அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். இந்த ஒரு கடிதத்தை மட்டும் எழுதியிருக்கிறபடியே எடுத்துக்கொள். இன்று காலை அவள் மேஜையைப் பிடித்து இரண்டு தடவை எழுந்தாள். இரண்டாவது தடவை நான் கை கொடுத்தேன். அப்போது ஒன்றரை என்று வைத்துக்கொள்.

டிக்கெட்டை உன் பேருக்கு மாற்ற முடியுமா பார். முடிந்தால் நீ வா. அட்டவணையை நீயும் அக்காவும் அந்தப் பெண்ணும் சேர்ந்து உட்கார்ந்து தேர்ந்தெடுங்கள். எண்ணுகிற வேலை மட்டும் எனக்கு வேண்டாம்.

போகிற போக்கில் அந்தப் பெண் அக்காவிடம், பலம் வந்ததும் முதல்ல என்ன செய்யணும்னு ஆசை, அதை மனசுல வெச்சுக்கிட்டுப் பண்ணுங்க என்றாள். கோயில் குளம், கடைத்தெரு, ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். "என் பொண்ணு வந்து மணி அடிச்சா, நானே போய்க் கதவைத் திறக்கணும்" என்றாள். அவள் நாற்காலியிலிருந்து வாசல் கதவு பதினோரு அடி. டேப் வைத்து அளந்தேன்.

எங்கே இருந்தாலும் உனக்கு ஒரு குறையும் வராமல் இருக்க வேண்டும். நீ வருகிற அன்று மணியை ஒரு தடவை அடித்துவிட்டுப் பேசாமல் நில். வீட்டில் ஆள் இல்லையோ என்று போன் பண்ணாதே, ஜன்னல் பக்கம் வந்து எட்டிப் பார்க்காதே. என் குரல் உள்ளே கேட்டாலும் நான் வந்து திறக்க மாட்டேன். நேரமாகும். எவ்வளவு நேரமானாலும் நில்லு, தாயே.

உன் மாமா