கூட வந்தவள்

என் கூடவே பிறந்த குண்டூசிக்கு,

உன் வாயாடித் தங்கை எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நான் மட்டும் முதுகில் ஒரு துண்டு குறைந்த சுகம். உன் சுகத்தைத்தான் யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

உன் போன் அணைந்தே கிடக்கிறது. உன்னோடு அறையில் இருக்கும் பெண்ணைப் பிடித்தேன். நீ தையல் கம்பெனிக்கு வந்தே நாளாகிறது, பெட்டி மட்டும் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது என்றாள். மேலே கேட்பதற்குள் லைன் போய்விட்டது. அதனால்தான் பேனாவைப் பிடித்துவிட்டேன். என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. பள்ளிக்கூடத்தில் எனக்கும் சேர்த்து நீதானே எழுதினாய்.

நமக்கு இரண்டு பேருக்கும் தோள்பட்டைக்குக் கீழே ஒரே இடத்தில் மச்சம் இருக்கிறது அல்லவா? என்னுடையது கொஞ்ச நாளாக அரித்தது. ஓரம் கலைந்து, மை கொட்டியது போல ஆகிவிட்டது. இஸ்திரிக்குத் துணி கொண்டுவரும் டீச்சரம்மா ரவிக்கைக்கு மேலே தெரிந்ததைப் பார்த்துவிட்டு, நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ என்று திட்டினார். என் வீட்டுக்காரர் கூட வருகிறேன் என்றார். அவர் கூட வந்தால் அவருக்குத்தான் முதலில் மயக்கம் வரும். துணி மூட்டையைப் பாரும் என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போனேன். இதை நன்றாக மனசில் வைத்துக்கொள். தனியாகத்தான் போனேன்.

முதலில் ரத்தம் எடுக்கும் இடம். ஊசி போட்ட பெண், நல்லவேளை துணைக்கு ஆள் கூட்டிட்டு வந்தீங்க என்றாள். வரிசையில் எனக்குப் பின்னால் நிற்பவளைச் சொல்கிறாள் என்று விட்டுவிட்டேன். அடுத்து பிரஷர் பார்க்கும் அறை. வாய்தான் அதிகம் என்று நினைத்திருந்தேன், பிரஷரும் அதிகமாம். அங்கிருந்த பெரியவர், பயப்படாதீங்க, உங்க அக்கா வெளியில அமைதியா உக்காந்திருக்காங்களே, அவங்களைப் பாத்துக் கத்துக்கங்க என்றார். எட்டிப் பார்த்தேன். நாற்காலியில் யாரும் இல்லை. அக்கா அமைதி என்று வேறு சரியாகச் சொல்கிறாரே என்று எனக்குச் சிரிப்புதான் வந்தது. கொஞ்ச நேரம் முந்திப் பிறந்துவிட்ட ஒரே காரணத்துக்காக நீ எங்கே போனாலும் நல்ல பேர் வாங்கிவிடுகிறாய்.

ஆபரேஷன் அறைக்குள் போகும் முன்னால் தோடு, மூக்குத்தி எல்லாம் கழற்றச் சொன்னார்கள். யாரிடம் கொடுப்பது என்று முழித்தேன். நர்ஸ் கையை நீட்டி, குடுங்க, உங்க அக்காகிட்ட குடுத்துடறேன் என்று வாங்கிக்கொண்டு போனாள். பையும் அவளிடம்தான். நான் வாயைத் திறப்பதற்குள் குப்புறப் படுக்க வைத்துவிட்டார்கள். தலைக்கு மேலே ஒரு பச்சைத் துணி. கசங்கல் என்றால் அப்படி ஒரு கசங்கல், எனக்குக் கை துறுதுறுத்தது. மரத்துப்போகிற ஊசி போட்டதும் வலி இல்லை. இழுக்கிறது மட்டும் தெரிகிறது. நடுவில் ஒரு வாசனை. நைலான் சேலை மேலே இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டால் வருமே, அது. கருகுவது நான்தான் என்று புரிய நேரம் பிடித்தது.

என் இடது கை மேசைக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அதை யாரோ பிடித்துக்கொண்டார்கள். ஈரத்தில் ஊறினது போல ஜில்லென்ற கை. நர்ஸ்தான் என்று நினைத்து, உங்க கையை இஸ்திரிப் பெட்டிக்குள்ள கொஞ்ச நேரம் வைக்கணும் போல இருக்கேம்மா என்று கிண்டல் பண்ணினேன். டாக்டர் சிரித்தார். நர்ஸ், நானா என்று கேட்டாள். அவள் குரல் வலது பக்கத்திலிருந்து வந்தது. அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன். டாக்டரின் இரண்டு கையும் நர்ஸின் இரண்டு கையும் என் முதுகில் இருக்கிறது. என் கையைப் பிடித்திருப்பது யார்?

விரலால் தடவினேன். கட்டைவிரல் நகத்தில் ஒரு பள்ளம். தையல் மெஷின் ஊசி ஏறி இறங்கின உன் நகம்.

அதற்கப்புறம் தையல் போட்டு முடிக்கிறவரை நான் பேசவே இல்லை. நான்! நம்புவாயா?

கட்டுப் போட்டதும் டாக்டர் எதிரில் வந்து உட்கார்ந்தார். வெட்டினதைப் பரிசோதனைக்கு அனுப்புகிறேன், பார்த்தால் கெட்ட ஜாதி, புற்றுநோய் போலத்தான் இருக்கிறது, ஆனால் முழுசா எடுத்தாச்சு, நேரத்தோடு வந்தீர்கள் என்றார். கூடப் பிறந்தவர்களுக்கு இருக்கிறதா என்று கேட்டார். அதே இடத்தில், அதே மாதிரி என்றேன். அட, அவங்கதான் வெளியில இருக்காங்களாமே, கூப்பிடுங்க, இப்பவே பாத்துடலாம் என்றார்.

ஓடினேன் அக்கா. தையல் இழுக்க இழுக்க ஓடினேன். நாற்காலியில் என் பை மட்டும் இருந்தது. தரை துடைக்கிற அம்மா, இப்பத்தானே எழுந்து போனாங்க என்றார். அவ்வளவு நேரமும் முதுகைச் சாய்க்காமலே உட்கார்ந்திருந்தாயாம். சாஞ்சு உக்காரேம்மா என்று சொன்னாராம். முதுகு வலிக்குது, இவளுக்குச் சரியாகட்டும், நான் பாத்துக்கறேன் என்றாயாம்.

நீ எப்போதும் பாத்துக்கறேன் என்பாய். ஒருநாளும் பார்த்துக்கொண்டதில்லை.

பையைத் திறந்தேன். என் கைக்குட்டை மூலையில் தோடும் மூக்குத்தியும் முடிச்சாக இருந்தது. சின்ன வயதில் மிட்டாய்க் காசு முடிந்து வைப்பாயே, நான் பல்லால் கடித்தும் அவிழாதே, அந்த முடிச்சு. வீட்டுக்காரர் கத்தரிக்கோல் எடுத்து வந்தார். கையைத் தட்டிவிட்டேன். மூளிக் காதோடு திரிகிறேன். தெருவில் எல்லோரும் கேட்கிறார்கள். அக்கா வந்து அவிழ்ப்பாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நேற்று முடிவு வந்தது. டாக்டர் சொன்னது சரிதான். கெட்டதுதான், ஆனால் எனக்கு இனி பயம் இல்லையாம். இந்தக் கடிதம் கையில் கிடைத்த உடனே, நாளைக்கு என்று தள்ளாமல், ஒரு தோல் டாக்டரிடம் போய் முதுகைக் காட்டு. எனக்குச் செய்தது உனக்கும் செய்வார்கள். வலிக்காது. வாசனைதான் கொஞ்சம் மோசம். அந்த அறைப் பெண்ணுக்கும் தனியாக எழுதியிருக்கிறேன். நீ எந்த ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாலும் தேடி வந்து இதைப் படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன். இதை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் நாளைக் காலை அங்கே புறப்படுகிறார்.

நீ நல்லபடியாக இருக்க வேண்டும். என் ஆயுசில் பாதியை எடுத்துக்கொள், நமக்கு எல்லாமே பாதிப் பாதிதானே. ஆனால் ஒன்று, அக்கா. இனிமேல் அப்படி வராதே. வருவதென்றால் டிக்கெட் எடுத்து, வண்டி ஏறி, பெட்டியைத் தூக்கமுடியாமல் தூக்கிக்கொண்டு, வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டு வா. கையைச் சூடாக வைத்துக்கொண்டு வா.

முடிச்சை அவிழ்க்காமல் காத்திருக்கும்,
உன் வாயாடி