சலீமின் பச்சைப் புள்ளி

2011 ஜூன் 4, சனி

மழை. மாதாப்பூர் முழுக்கத் தண்ணீர். செருப்பைக் கையில் பிடித்து ஆபீஸ். பத்தரை.

யேமனில் அப்போதுதான் எட்டு மணி. அங்கே கடலோர ஊர் ஒன்றின் ஆஸ்பத்திரி. அதன் நோயாளிப் பதிவுகளை இங்கிருந்து பார்த்துக்கொள்வது என் வேலை. அங்கே பதிவு செய்பவர் சலீம். தினமும் பாஸ்வேர்டு இரண்டு தடவை தப்பு, மூன்றாவது சரி. முதலில் அரபி கீபோர்டை மாற்ற மறப்பார், அடுத்து கேப்ஸ் லாக்கை அணைக்க. நான்கு வருஷமாகத் திட்டுகிறேன், திருந்தவில்லை. அப்புறம் என் திரையில் அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி. மாலை அவர் லாகினை மூடிவிட்டு வீட்டுக்குப் போகும்போது அணையும்.

சலீம் படித்தது இங்கேதான், ஹைதராபாத்தில். எங்கள் பேச்சு நம்ம ஊர் ஹிந்தியில்தான். இன்று போனில் சிரிப்பு இல்லை. ஊருக்கு வெளியே ஆயுதக்காரர்கள். குண்டடி பட்டு இரண்டு தரப்பு ஆட்களும் வருகிறார்களாம்.

“அவங்க உள்ள வந்தா, யாருக்கெல்லாம் கட்டுப் போட்டோம்னு லிஸ்ட் கேப்பாங்க மேடம். நான் ஒரு நாள் வரலைன்னா என் லாகினை மூடிடுங்க.”

“வாயக் கழுவுங்க” என்றேன்.

ஜூன் 6, திங்கள்

ஊர் விழுந்துவிட்டது, டிவியில். போன் போகவில்லை. ஆனால் பச்சை எரிகிறது! நேற்றிலிருந்து அணையவே இல்லை.

முரளி, எங்கள் டீம் லீட், இங்கே குஷாய்குடாவில் பிறந்து வளர்ந்த தமிழர், ‘ஆமா’ என்பதற்கு ‘ஹவ்’, ‘வேண்டாம்’ என்பதற்கு ‘நக்கோ’: “ஹவ், ஆளு உள்ளதான் இருக்காரு. டென்ஷன் நக்கோ.”

மதியம் மானிட்டர் முன் அரைத்தூக்கம். திரை முழுக்கக் கடல். நான் பார்த்தே இராத கடல், ஆனால் உப்பு வாசம் வந்தது. தூரத்தில் ஒரு பச்சை விளக்கு. தயிர்சாதம் திறக்கவில்லை.

ஜூன் 7, செவ்வாய்

வாங்க: பால், குடை, மெழுகுவர்த்தி.

குளிக்கும்போது உறைத்தது. அடிப்பாவி! அங்கே நெட் அறுந்து அறுந்து போகிறது, திரும்பத் திரும்பப் பாஸ்வேர்டு கேட்கிறது என்று சலீம் புலம்பியதால், லாகின் தானாக மூடாதபடி நானேதான் மார்ச்சில் ஒரு ஸ்கிரிப்ட் போட்டேன். ஆள் ஓடிப்போனாலும் பச்சை எரியும். இரண்டு நாளாக என் கைவேலையைப் பார்த்துத்தான் நிம்மதிப்பட்டேன். அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் லிஸ்ட் திறந்து கிடக்கும்.

ஈரத் தலையோடு ஆட்டோ. முரளி, “நீ தள்ளு, நான் பண்றேன்” என்றார். நானே என்றேன். விரல் மவுஸில், நாலு நிமிஷம். மூடினால் அவரைப் பற்றி எனக்கு வேறு எதுவுமே இல்லை.

11.20, மூடினேன். புள்ளி சாம்பல் நிறம். பாத்ரூமில் அழுகை.

ஜூன் 8, புதன்

குடை வாங்கியாச்சு. மழை இல்லை.

ஜூன் 9, வியாழன்

மதியம் 2.40. சலீம் பெயரில் யாரோ உள்ளே வரப் பார்த்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் இல்லை, வேறு ஏதோ ஊர் இணைப்பு.

முதல் தடவை தப்பு. இரண்டாவது தப்பு. மூன்றாவது சரி, ஆனால் கணக்கு மூடப்பட்டுள்ளது.

கத்திவிட்டேன் போல. முரளி ஓடி வந்தார். “திறக்கணுமா?”

“நக்கோ. மூடிட்டேனான்னு பாக்க வந்திருக்காரு.”

கேப்ஸ் லாக்கை இன்னும் பார்க்கவில்லை மனுஷன்.