கடல் அகழிக் கல்லில் வைத்த சோறு

அந்தச் சோற்றை உன் அப்பாவுக்குத்தான் வைத்தேன். தாத்தாவுக்கு என்று நீயாக நினைத்துக்கொண்டாய், நான் திருத்தவில்லை. தாத்தாவுக்குத்தானே என்று போனில் நீ கேட்டபோது குக்கர் விசில் அடிக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் குக்கரே இல்லை.

வாணி, உடம்பு எப்படி இருக்கிறது, வேலை முடிந்து வந்ததும் அப்படியே படுத்துவிடாதே, இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தூங்கு. எனக்கு இங்கே குறை ஒன்றும் இல்லை, முழங்கால் மட்டும் மாடிப்படியில் தான் இருப்பதைச் சொல்லிக்கொள்கிறது. ஆடிக் காற்றில் வீடெல்லாம் மண். நம் தெருவைப் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், வாசலில் பலகை போட்டுத்தான் இறங்குகிறோம். எதிர்வீட்டு முத்துச்செல்வி அந்தப் பலகையில் நின்றுகொண்டு, "ஏக்கா, சப்பான்ல இப்படியெல்லாம் தோண்ட மாட்டாகளோ" என்று தினமும் கேட்கிறாள். சித்திரைத் திருவிழாவுக்கு நான் ஊரில் இல்லாததையும் அவள் இன்னும் விடவில்லை. "அழகர் ஆத்துல எறங்குறப்ப நீ அங்கன கோட்டையப் பாத்துக்கிட்டு நின்ன, உன்னைய அவரு எப்படிக்கா மன்னிப்பாரு" என்கிறாள். சிரித்துவிட்டு உள்ளே வந்துவிடுகிறேன். சோறு யாருக்கு என்பதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். நடுவில் நீ பேசுவாய், அல்லது பேசாமல் இருப்பாய். இரண்டாவதற்குத்தான் பயம். ஆகஸ்ட் பூசைக்கு முன்னால் கடிதம் வந்து சேர்ந்துவிடும் என்று தபால் ஆபீசில் சொன்னார்கள்.

ஜப்பானில் உன்னோடு இருந்த நாட்களில் நீ வேலைக்குக் கிளம்பியதும் நான் கோட்டைக்கு நடந்துவிடுவேன், உனக்குத் தெரியும். எவ்வளவு சின்ன ஊர். துடைத்து வைத்த தெருக்கள், அடைத்த ஜன்னல்கள், பாதி வீடுகளில் ஆள் இல்லை. சாயங்காலமானால் கம்பத்து ஒலிபெருக்கியில் ஒரு பாட்டு ஊர் முழுக்கக் கேட்கும், கேட்பதற்குத் தெருவில் நான் மட்டும் நிற்பேன். முதல் முறை நாம் சேர்ந்து போனபோது கோட்டைக்குள் செருப்பைப் பையில் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டு ஏணி மாதிரி மரப்படி ஏறினோமே, இரண்டாவது மாடியில் கண்ணாடிக்குள் ஒரு போர் உடுப்பு உட்கார்ந்திருந்தது. தலைக்கவசம், முகமூடி, மார்பு, முழங்கால். உள்ளே ஆள் இல்லை. ஆள் இல்லாமலேயே அப்படி நிமிர்ந்து உட்கார முடிகிறது. நீ உச்சிக்கு ஏறிக் கடலையும் தீவுகளையும் படம் எடுத்துக்கொண்டிருந்தாய், நான் வெகுநேரம் கீழேயே நின்றேன். கட்டடம் புதிதாகக் கட்டியது, கல் மட்டும்தான் பழையது என்று பிறகு சொன்னாய். எனக்குக் கல்லைத்தான் பிடித்திருந்தது. மறுநாளிலிருந்து மேலே ஏறவில்லை. அகழி ஓரமாகவே இருந்தேன்.

அகழியில் கடல் தண்ணீர். அதுதான் எனக்குப் பழகவே இல்லை. நம் தெப்பக்குளத்தில் தண்ணீர் இருக்கும், அல்லது இருக்காது. அங்கே யாரும் தொடாமல், மழையும் இல்லாமல், காலையில் ஒரு கல் தெரியும், மத்தியானம் அந்தக் கல் இருக்காது. மூச்சு விடுகிற மாதிரி ஏறி இறங்கும். மதிலுக்கு அடியில் இருக்கும் மரக்கதவு வழியாகக் கடல் உள்ளே வந்து போகிறது என்று சொன்னாய். அந்தக் கதவுக்குப் பக்கத்தில், தண்ணீருக்குள் இறங்கும் படிகளில் கடைசிக்கு முந்தின கல். அமாவாசையன்று அங்கேதான் வைத்தேன். ஒரு கைப்பிடிச் சோறு, கொஞ்சம் பருப்பு, தம்ளரில் தண்ணீர்.

இங்கே வைக்க விட்டதில்லை. அது உனக்கும் தெரியும். உன் அப்பா காணாமல் போய் முதல் வருடம் முடிந்ததும் ஒரு அமாவாசைக்கு நான் இலையை எடுத்தபோது, உசிலம்பட்டியிலிருந்து வந்திருந்த உன் மலையம்மாள் அத்தை கையைப் பிடித்துக்கொண்டார். "உசுரோட இருக்குற மனுசனுக்கு எவளாச்சும் காக்காச் சோறு வைப்பாளாடி? எந்தம்பி மாடு பாக்கப் போயிருக்கான். வருவான். வந்து கேட்டான்னா என்னடி சொல்லுவ?" மேலூர் பக்கம் மாடு பார்க்கப் போகிறேன் என்றுதான் அவர் கிளம்பினார். தரகுக்குப் போகிறவர், இன்று போனால் நாளை வருவார். அவர் ஏறிய பஸ்ஸில் கண்டக்டராக இருந்த சோணை அண்ணனும் ஒன்றையே இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். "மாப்ள ஒத்தக்கடையில எறங்குனாரு தங்கச்சி, வாரேன்டான்னு கைய ஆட்டுனாரு, நல்லாத்தான் இருந்தாரு." ஆறு வருடம் அந்தக் கையை நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். கோடாங்கியிடம் அத்தை குறி கேட்டதற்கு, "ஆளு இருக்கான், உப்புத்தண்ணி ஓரமா நிக்கிறான், வீட்டுக்கு வழி கேக்குறான்" என்று வந்தது. ராமேஸ்வரம் போனோம், தொண்டி போனோம், போட்டோவைக் காட்டினோம். எனக்குக் குறியில் நம்பிக்கை இல்லை என்று அத்தையிடம் சொன்னேன். உன் ஊருக்கு வந்து முதல் நாள் ஜன்னலைத் திறந்ததும் உப்புக் காற்று முகத்தில் பட்டது, அப்போது முதலில் நினைவுக்கு வந்தது அந்தக் குறிதான். அதை உன்னிடம் சொல்லவில்லை.

அங்கே என் கையைப் பிடிக்க யாரும் இல்லை. அதனால் வைத்தேன். பொட்டோடுதான் வைத்தேன். காக்கை வந்தது, நம் ஊர்க் காக்கையைப் போல இரண்டு பங்கு இருக்கும். கல்லில் நடந்தது, தலையைச் சாய்த்துப் பார்த்தது. தொடவில்லை. இல்லாத மனிதராக இருந்தால் வந்து எடுத்திருக்க வேண்டும் என்று ஒரு மனம், சப்பான் காக்கைக்குப் பருப்புச் சோறு என்ன தெரியும் என்று ஒரு மனம். தம்ளரை எடுக்க மறந்து வந்துவிட்டேன். மறந்தேன் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

மறுநாள் போனேன். சோறு காய்ந்து அப்படியே இருந்தது. பக்கத்தில் மூடி திறந்த ஒரு காபி டின். அதற்கடுத்த நாள் வெள்ளைப் பூக்கள், காகிதத்தில் சுற்றி. பிறகு ஒரு சிகரெட், படுக்க வைத்தது, பற்றவைத்தது, புகை நேராக மேலே போகிறது. சுற்றிலும் ஒருவர் இல்லை. உன் அப்பா சிகரெட் குடித்தவரில்லை. ஆனாலும் அந்தப் புகை முடிகிறவரை நின்றேன். தம்ளரில் நான் ஊற்றியது பாதிதான், இப்போது விளிம்புவரை நின்றது. விரலை விட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. அலை ஏறும்போது தெறித்து நிரம்பியிருக்கும், வேறு என்ன. அதை அப்படியே வைத்துவிட்டு உன் அறைக்கு வந்து உனக்கு ரசம் வைத்தேன். நான் கிளம்பும் வாரம் மீன்கடைக்கார அம்மாள் என்னை வழியில் பார்த்துக் கூடையைக் கீழே வைத்துவிட்டு இடுப்பு வளைய வணங்கினாள். கடைக்குப் போனால் வணங்குவாளே, அது வேறு. இவள் நிமிரவே இல்லை. அவள் கண் நனைந்திருந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கடல் ஊர்க்காரர்களுக்கு ஒரு பிடிச் சோறும் ஒரு தம்ளர் தண்ணீரும் போதும். இங்கே யாரோ போயிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டார்கள். நான் காக்கைக்கு வைத்த கல்லை யாரோ செத்த இடம் என்று அவர்கள் வணங்குகிறார்கள். இல்லை என்று சொல்ல எனக்குப் பாஷை இல்லை. பாஷை இருந்திருந்தால் சொல்லியிருப்பேனா, தெரியவில்லை.

நான் ஊர் திரும்பிய பிறகு அது நின்றுவிடும் என்று நினைத்தேன். நீ சொல்வதைப் பார்த்தால் வளர்ந்திருக்கிறது. பூ, ஆரஞ்சுப் பழம், யாரோ பின்னிப் போட்ட சிவப்புத் துணி. ஆகஸ்ட் நடுவில் இறந்தவர்களை வீட்டுக்கு அழைக்கும் நாட்களில் கோயில் குருக்கள் வந்து அந்தப் படியிலும் ஓதப்போகிறார், ஓதுவதற்குப் பெயர் வேண்டும், மீன்கடைக்கார அம்மாள் தம்ளரை எடுத்து வந்து இதில் வெட்டியிருப்பது என்ன பெயர் என்று உன்னிடம் காட்டினாள். கல்யாணத்துக்கு என் வீட்டில் கொடுத்த தம்ளர். எல்லாப் பாத்திரத்திலும் போலவே அதிலும் எங்கள் இரண்டு பேர் பெயரையும் வெட்டித்தான் கொடுத்தார்கள். அதைப் படித்துவிட்டு நீ என்ன சொன்னாய் என்று நான் கேட்கவில்லை. தெரியாத எழுத்து என்று சொல்லியிருப்பாய்.

இன்னொன்றும் சொன்னாய், சிரித்துக்கொண்டே. நீ வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் நினைவு தப்பிய அந்த அம்மாள், ஜன்னலிலிருந்து அகழியைப் பார்த்துக்கொண்டு, வெள்ளைத் துணியை முழங்காலுக்கு மடித்துக் கட்டிய ஆள் ஒருவர் தண்ணீர்க் கதவண்டை நிற்கிறார், மதிலில் ஒரு கை, ஒரு காலை மடக்கி இன்னொரு கால்மேல் வைத்திருக்கிறார், கொக்கு மாதிரி, அவரை உள்ளே கூப்பிடு, நனைகிறார் என்று தினமும் உன்னிடம் சொல்கிறாள் என்று. வாணி, சந்தையில் அவர் மாட்டுக்கு விலை பேசும்போது அப்படித்தான் நிற்பார். உனக்கும் அது தெரியும். சின்னதில் அவர் பக்கத்தில் நின்று நீயும் அப்படிக் காலை மடக்கி விழுவாய். இதை நீ ஏன் சிரித்துக்கொண்டு சொன்னாய்? உன் சிரிப்பில் எது சிரிப்பு என்று எனக்குத் தெரியாதா?

வேலை முடிந்ததும் நேராக அங்கேதான் போகிறாய். முந்தாநாள் போனில் உன் பின்னால் அந்த ஐந்து மணிப் பாட்டு கேட்டது, பாட்டுக்குக் கீழே தண்ணீர் கல்லில் அடிக்கிற சத்தம் கேட்டது. எங்கே இருக்கிறாய் என்றால், சும்மா என்றாய். பாவாடை நனைந்துவிட்டது என்றாய். மேலே ஏறி உட்கார் என்று மீன்கடைக்கார அம்மாள் சத்தம் போட்டதைப் பெரிய வேடிக்கையாகச் சொன்னாய். அந்தக் கடைசிப் படி பாசி. அலை ஏறுவது கண்ணுக்குத் தெரியாது, கால் மாறி வைத்தால்தான் தெரியும். அவர் வந்து நிற்கிறாரா என்று எனக்குத் தெரியாது. நீ போய் நிற்கிறாய். அது தெரியும்.

ஒரு இடத்தைப் போட்டுவிட்டு யாருக்கு என்று சொல்லாமல் வந்தது நான். யாருக்கு என்று தெரியாத இடத்தில் எது வேண்டுமானாலும் வந்து நிற்கும், யார் வேண்டுமானாலும் போய் உட்காருவார்கள். ஆறு வருடமாக இந்த வீட்டிலும் அப்படித்தானே ஒரு இடத்தைப் போட்டு வைத்திருக்கிறோம். மாதம் தவறாமல் நீ அங்கிருந்து அவருடைய நம்பருக்கு ரீசார்ஜ் பண்ணுகிறாய், நானும் அவ்வப்போது அடித்துப் பார்க்கிறேன், அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று ஒரு பெண் சொல்கிறாள். அவள் சொல்லி முடிக்கிறவரை கேட்பேன். அவர் இறந்துவிட்டார் என்று எனக்குத் தெரியாது. உடம்பைப் பார்க்கவில்லை, சாம்பலைப் பார்க்கவில்லை. தெரியாமலேயே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. செய்கிறேன். உன்னையும் அவரையும் அந்தத் தண்ணீரண்டை நிறுத்தி வைக்க என்னால் முடியாது.

பெயரைச் சொல். அழகுபாண்டி. உசிலம்பட்டி முத்திருளன் மகன். குருக்களுக்கு வாயில் நுழையாது, மெதுவாகச் சொல்லிக்கொடு, எப்படிச் சொன்னாலும் சரி, அவர் பேரைச் சொல்லட்டும். அவர்கள் எப்படிச் செய்கிறார்களோ அப்படியே செய், நம் முறை இல்லை என்று தயங்காதே. மகள் வைக்கலாமா என்று யாரையும் கேட்காதே. முடிந்ததும் தம்ளரில் இருக்கும் தண்ணீரை அகழியிலேயே ஊற்றிவிடு. இந்த மாதம் ரீசார்ஜ் வேண்டாம். நம்பர் இன்னொருவருக்குப் போகும். போகட்டும், யாரோ நாலு பேர் பேசட்டும்.

பூசைக்குப் பிறகும் அங்கே யாராவது நின்றால் கிட்டே போகாதே. தூர நின்று பேசு. வழி கேட்டால் நீ கூட்டிக்கொண்டு நடக்காதே. பழங்காநத்தம், அதே தெரு, அதே வீடு, தெருவைத் தோண்டிப் போட்டிருக்கிறது, பலகையில் பார்த்துக் கால் வைத்து வரச் சொல். அவராக வரட்டும். வந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. புளிக்காய்ச்சல் அனுப்பியிருக்கிறேன், எண்ணெய் மிதக்கும்படி வைத்திரு, கெடாது. பனி காலத்துக்குக் கம்பளி வாங்கு, அப்புறம் வாங்கலாம் என்று தள்ளாதே. அந்த நினைவு தப்பிய அம்மாளிடம் கோபப்படாதே, அவளுடைய கட்டிலை மட்டும் வேறு ஜன்னல் பக்கம் மாற்ற முடியுமா என்று கேட்டுப் பார். நம் சாமிகள் கடல் தாண்டி வருமோ என்னவோ, என் நினைப்பு வரும், அது உன் தலைமேல் கையாக இருக்கட்டும். நூறு வயது நன்றாக இரு. ஐந்து மணிப் பாட்டு கேட்டதும் எழுந்து வீட்டுக்கு நட. இதை மட்டும் மறக்காதே.

உன் அம்மா,
கனகலட்சுமி

பி.கு. உறையை ஒட்டுவதற்கு முன் இதை எழுதுகிறேன். உன்னிடம் சொன்னதை அத்தையிடம் சொல்லாமல் இருக்கக் கூடாது என்று தோன்றியது. காலையில் உசிலம்பட்டி பஸ் ஏறிப் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன். "அங்கன வச்சயா? தண்ணியும் வச்சயா?" என்று மட்டும் கேட்டார். பிறகு கதவைச் சாத்திவிட்டு என்னைப் பின்வாசலுக்குக் கூட்டிப்போய்க் கல்லில் உட்காரவைத்து, குடத்தை எடுத்து என் தலையில் தண்ணீர் ஊற்றினார். குடத்தை வாங்கி நானும் அவருக்கு ஊற்றினேன். தலை காய்வதற்குள் பஸ் வந்துவிட்டது, ஏறி வந்துவிட்டேன்.